மலாயா, பர்மாவுல மாட்டுனவங்க யுத்தம் முடிஞ்சு ஊர் வந்த கதை: நம்ம திருநெல்வேலி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

துஷ்டி வீட்டுக்குப் போனாலும் சரி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, யாராவது ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்து "அண்ணாச்சி, எங்க தாத்தா மலாயாவுல இருந்து வரவே இல்ல, அவர எங்கன போய் தேடுறது"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. கடையநல்லூர், தென்காசி, மேலப்பாளையம், நாங்குநேரி, தூத்துக்குடின்னு எல்லாப் பக்கமும் இந்தக் கேள்வி இருக்கு. ஒவ்வொருத்தர்ட்டயும் தனித்தனியா சொல்லுததுக்கு ஒரே இடத்துல எழுதிப் போட்டுருவோம்னுதான் இது. ரெண்டாம் உலக யுத்தத்துல ஜப்பான்காரன் கையில மாட்டுனவங்க, அவனுக்குப் பயந்து ஓடி வந்தவங்க, இவங்க எப்படி ஊர் சேர்ந்தாங்க, சேராதவங்கள எங்க தேடலாம்ங்கிறதுதான் விஷயம்.

யுத்தம் 1945 ஆகஸ்ட்லயே முடிஞ்சுட்டு. எங்க தாத்தா 46 கடைசியிலதான் வந்தாராம். ஏன் அவ்வளவு லேட்டு?

ஜப்பான் சரணடைஞ்சது 1945 ஆகஸ்ட் 15. ஆனா பிரிட்டிஷ்காரன் சிங்கப்பூருக்குள்ள திரும்ப வந்ததே செப்டம்பர் 5தான், முறைப்படி கையெழுத்து வாங்கினது செப்டம்பர் 12. அதுக்கப்புறம் கப்பல் கிடையாது. பாதிக் கப்பல் கடலுக்கு அடியில, மிச்சம் இருந்தது எல்லாம் பட்டாளத்துக்கு. யார் முதல்ல ஏறணும்னு ஒரு வரிசை வச்சாங்க, வெள்ளக்கார கைதிகளும் சிவிலியன்களும் முதல்ல, அப்புறம் இந்தியப் பட்டாளத்துக்காரங்க, அதுக்கெல்லாம் அப்புறம்தான் கடை வச்சிருந்தவன், ஹார்பர்ல மூட்டை தூக்குனவன், ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவன். மலாயாவுல 1946 ஏப்ரல் 1 வரைக்கும் மிலிட்டரி நிர்வாகம்தான் நடந்துச்சு, அதுவரைக்கும் சாதாரண ஆளுக்கு டிக்கெட், பாஸ் எல்லாம் அவ்வளவு லேசுல கிடைக்கல. அதனால உங்க தாத்தா 46ல வந்துட்டார்னா சீக்கிரமாவே வந்துட்டார்னுதான் சொல்லணும். 47, 48ல வந்தவங்களும் உண்டு.

நம்ம பக்கத்துக்காரங்க அங்க என்னதான் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க?

எல்லாரும் தோட்டத்துக்குப் போனதா நினைக்காதீங்க. மலாயா ரப்பர் தோட்டத்துக்கு கங்காணி வச்சு ஆள் புடிச்சது திருச்சி, தஞ்சாவூர், சேலம், ஆற்காடு பக்கம்தான் அதிகம், நம்ம ஜில்லாவுல இருந்து கூலிக்குப் போனவங்க சிலோன்தான் அதிகமா போனாங்க. மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் நம்ம பக்கம் போனதுல பெரிய கூட்டம் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள். சிங்கப்பூர் தஞ்சோங் பகார் பக்கம் பொண்டாட்டி புள்ளைங்களோடயே குடியிருந்தாங்க, ஆம்பளைங்க ஹார்பர்ல வேலை, பொம்பளைங்க மசாலா அரைச்சு வித்தாங்க. பர்மாவுக்கு எல்லா சாதி மதத்துக்காரங்களும் போயிருக்காங்க, ரங்கூன்ல கிளார்க்கு, மில் கூலி, சின்னக் கடைன்னு.

1941 டிசம்பர் 8ல ஜப்பான்காரன் மலாயாவுல இறங்குனான், 1942 பிப்ரவரி 15ல சிங்கப்பூர் விழுந்துட்டு. அன்னையோட மணியார்டர் நின்னு போச்சு, கடுதாசி நின்னு போச்சு. இங்க ஊர்ல மாசாமாசம் அந்த மணியார்டர நம்பியே அடுப்பெரிஞ்ச வீடுங்க எத்தனையோ. பர்மா அரிசியும் அதே வருஷம் நின்னுட்டதால விலை ஏறி, ரேஷன் வந்து, அந்த மூணரை வருஷத்த பெரியவங்க சொல்லக் கேக்கணும். மாட்டிக்கிட்டவங்க பாடு ஒரு பக்கம்னா ஊர்ல இருந்தவங்க பாடும் அதுக்குக் கொறஞ்சதில்ல, இதை யாரும் எழுதி வைக்கலங்கிறது எனக்குப் பெரிய வருத்தம்.

பர்மாவுல இருந்து நடந்தே வந்தாங்கன்னு ஆச்சி சொல்லுவாங்க. நிஜமாவே நடந்து வர முடியுமா?

நிஜம். 1941 டிசம்பர் 23ல ரங்கூன்ல குண்டு போட்டான், 1942 மார்ச்ல ரங்கூனே அவன் கையில. கப்பல் டிக்கெட் கிடைச்சவங்க மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்துட்டாங்க, கிடைக்காதவங்க நடந்தாங்க. நடந்து வந்த இந்தியர்கள் 4 லட்சத்துக்கும் மேல. மூணு வழி. ஒண்ணு டாங்கப் கணவாய் தாண்டி அராகான் கடற்கரை, அக்யாப், சிட்டகாங். ரெண்டாவது தாமு வழியா இம்பால், திமாப்பூர். மூணாவது ரொம்ப மோசம், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியா லீடோ, மழை ஆரம்பிச்சப்புறம் அதுல போனவங்க சேத்துல மாட்டி, காலரா, மலேரியா, பட்டினின்னு வழியிலேயே போயிட்டாங்க. மொத்தம் பல்லாயிரம் பேர் செத்தாங்க, சரியான கணக்கு யாரும் எடுக்கல.

தாமு வழியில வெள்ளக்காரங்களுக்கு நல்ல பாதை, நம்மாட்களுக்கு கஷ்டமான பாதைன்னு பிரிச்சு விட்டதா அப்பவே பெரிய புகார் கிளம்பி, வைஸ்ராய் கவுன்சில்ல கடல்கடந்த இந்தியர் துறைய பாத்துக்கிட்டிருந்த அணே நேர்லயே போய் பாத்துட்டு வந்தார். உங்க ஆச்சி "வெள்ளைக்காரனுக்கு ஒரு ரோடு, நமக்கு ஒரு ரோடு"ன்னு சொல்லியிருந்தா அது கட்டுக்கதை இல்ல.

திமாப்பூர்லயோ சிட்டகாங்லயோ ரயில் ஏறி கல்கத்தா, மெட்ராஸ், அங்கிருந்து மீட்டர்கேஜ் வண்டியில திருநெல்வேலி. பிளாட்பாரத்துல இறங்கி அடையாளமே தெரியாம வீட்டு வாசல்ல வந்து நின்னவங்கள பத்தி ஒரே மாதிரி கதையா பல வீட்டுல கேட்டுருக்கேன்.

மெட்ராஸ்ல இருந்தும் ஊரக் காலி பண்ணிட்டு வந்தாங்களே, அது என்ன?

அது 1942 ஏப்ரல். ஜப்பான் கப்பல்படை வங்காள விரிகுடாவுக்குள்ள வந்து ஏப்ரல் 5ல கொழும்பு, 6ல விசாகப்பட்டினம், காக்கிநாடான்னு குண்டு போட்டதும், மெட்ராஸ்ல அவசியம் இல்லாதவங்க வெளியேறுங்கன்னு அரசாங்கமே சொல்லிட்டு. மிருகக்காட்சி சாலையில இருந்த சிங்கம் புலியெல்லாம் தப்பிச்சு வெளிய வந்துரும்னு பயந்து சுட்டுக் கொன்னாங்க. அப்ப நம்ம பக்கத்துக்கு வந்த குடும்பங்கள் கொஞ்ச மாசத்துல திரும்பிப் போயிட்டாங்க. பர்மா அகதிகளோட இவங்கள போட்டுக் குழப்பிக்க வேண்டாம்.

சயாம் ரயிலுக்குப் போனவங்க என்ன ஆனாங்க? எங்க கொள்ளுத்தாத்தா அங்கதான் போனாராம், பேரே எங்கயும் இல்ல.

இதுதான் எனக்கு வர்ற கேள்வியிலேயே ரொம்பக் கஷ்டமானது, அதனால கொஞ்சம் விரிவா சொல்லுதேன்.

சயாம்னா இப்ப உள்ள தாய்லாந்து. அங்க பான் போங் பக்கத்துல இருந்து பர்மாவுல தான்பியூசயாத் வரைக்கும் 415 கிலோமீட்டர், காடும் மலையுமா இருந்த இடத்துல ஜப்பான் பட்டாளத்துக்கு சாமான் கொண்டு போக ரயில் போட்டாங்க. 1942 நடுவுல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சாங்க. வெள்ளக்கார கைதிங்க 60,000க்கும் மேல அதுல வேலை பாத்தாங்க, 12,000க்கும் மேல செத்தாங்க, உலகம் பூரா தெரிஞ்ச கதை அது. ஆனா அவங்கள விட மூணு மடங்கு ஆசியக் கூலிகள் இருந்தாங்க, தமிழன், மலாய்க்காரன், பர்மாக்காரன், ஜாவாக்காரன். மலாயாவுல இருந்து போனதுல பெரும்பாலும் தமிழங்க. மொதல்ல தினம் ஒரு டாலர் சம்பளம், மூணு மாசத்துல திரும்பிரலாம்னு சொல்லித்தான் ஆள் சேத்தாங்க. போனவன் ஒருத்தனும் திரும்பலன்னு தெரிஞ்சதும் யாரும் வரல, அப்புறம் இலவச சினிமான்னு கூட்டி கதவச் சாத்தி லாரியில ஏத்துன கதை, ரோட்டுல போனவனப் புடிச்சுட்டுப் போன கதையெல்லாம் தப்பிச்சு வந்தவங்க சொல்லியிருக்காங்க. தோட்டத்து ஆள் மட்டும் இல்ல, டவுன்ல வேலை இல்லாம நின்னவங்களும் மாட்டுனாங்க. உங்க கொள்ளுத்தாத்தா ஹார்பர் கூலியா இருந்திருந்தாலும் இப்படித்தான் போயிருப்பார்.

கைதிங்க கேம்ப்ல டாக்டர் இருந்தாங்க, ஆபீசர் இருந்தாங்க, யார் செத்தான்னு ரகசியமாவாவது நோட்டுல எழுதி வச்சாங்க. நம்மாட்கள் கேம்ப்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவனே கம்மி, 1943 மழைக்காலத்துல காலரா வந்தப்ப மொத்தமா குழி தோண்டிப் போட்டாங்க, சில இடத்துல உசுரு போகாதவனையும் சேத்து. செத்தது எத்தனைன்னு யாருக்கும் துல்லியமாத் தெரியாது, ஆசியத் தொழிலாளிங்க மட்டும் 90,000 வாக்குல செத்திருக்கலாம்னு ஒரு மதிப்பீடு உண்டு.

யுத்தம் முடிஞ்சப்புறம்தான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிங்க தாய்லாந்து காட்டுக்குள்ளயே நின்னாங்க. கைதிகள மீட்க தனி அமைப்பு இருந்துச்சு, விமானத்துல சாப்பாடு மருந்து போட்டாங்க. கூலிங்க அந்த லிஸ்ட்ல வரல. அவங்கள ரயில்லயும் கப்பல்லயும் மலாயாவுக்குத் திருப்பி அனுப்பி முடிக்க 1946 ஆயிட்டு. போய்ச் சேந்தா தோட்டத்து லயத்துல (கூலிங்க குடியிருந்த வரிசை வீடு) குடும்பம் கிடையாது, பொண்டாட்டி பட்டினியில செத்திருப்பா, புள்ளைங்க யார் வீட்டுலயோ. அந்த ரயில் பாதைய பிரிட்டிஷ்காரன் என்ன செஞ்சான் தெரியுமா, தாய்லாந்து பகுதிய தாய்லாந்து அரசாங்கத்துக்கே விலைக்கு வித்துட்டான். தண்டவாளத்துக்கு கணக்கு இருந்துச்சு, கட்டையப் பொறுக்கிப் போட்டு அதப் படுக்க வச்சவனுக்கு கணக்கு இல்ல.

அதனால பேரு எங்கயும் இல்லைன்னா நீங்க தப்பா தேடுறீங்கன்னு அர்த்தம் கிடையாது. காஞ்சனபுரியில வாட் தாவோர்ன் வராராம்னு ஒரு புத்தர் கோயில் இருக்கு, ஆசியத் தொழிலாளிங்க எலும்புங்கள அங்கதான் சேத்துப் புதைச்சிருக்காங்க. வெள்ளக்காரங்க கல்லறை மாதிரி தனித்தனிக் கல் இருக்காது. போற வாய்ப்பு இருந்தா அங்க போய் கும்பிட்டுட்டு வாங்க.

ஐ.என்.ஏ.வுல (இந்திய தேசிய ராணுவம்) இருந்தவங்கள ஊருக்கு விட்டாங்களா, ஜெயில்ல போட்டாங்களா?

ரெண்டும் நடந்துச்சு, யாருங்கிறதப் பொறுத்து. சிங்கப்பூர் விழுந்த ரெண்டாம் நாள், பிப்ரவரி 17, ஃபாரர் பார்க் மைதானத்துல இந்தியப் பட்டாளத்துக்காரங்க மட்டும் சுமார் 40,000 பேர தனியா பிரிச்சு ஜப்பான்காரங்கிட்ட ஒப்படைச்சாங்க. அதுல ஒரு பகுதி மோகன் சிங் ஆரம்பிச்ச இந்த ஐ.என்.ஏ. படையில சேந்தாங்க, சேராதவங்கள்ல நிறைய பேர நியூகினி, நியூ பிரிட்டன் தீவுக்கெல்லாம் கூலியா அனுப்பிட்டான், அங்கன செத்தவங்க கல்லறை ரபால்ல இருக்கு. நேதாஜி 1943 ஜூலையில சிங்கப்பூர் வந்தப்புறம்தான் தோட்டத்துத் தமிழங்களும் டவுன் தமிழங்களும் சிவிலியனா இருந்து நேரா படையில சேந்தது. பொம்பளைங்களுக்கு கேப்டன் லட்சுமி தலைமையில ஜான்சி ராணி ரெஜிமெண்ட்.

1945 மே மாசம் ரங்கூன்ல பிரிட்டிஷ்காரன் நுழைஞ்சப்ப ஊர்ல கொள்ளை நடக்காம பாத்துக்கிட்டது ஏ.டி. லோகநாதன்கிற தமிழ் ஆபீசரும் அவர்கூட இருந்த சுமார் 6,000 ஐ.என்.ஏ. ஆளுங்களும்தான். புடிச்சவங்கள கல்கத்தா பக்கம் நீல்கஞ்ச், ஜிக்கர்காச்சா மாதிரி கேம்புல வச்சு விசாரிச்சு வெள்ளை, சாம்பல், கறுப்புன்னு மூணா பிரிச்சாங்க. வெள்ளைன்னா விசுவாசமா இருந்தவன், சாம்பல்னா ஏமாந்து போனவன், கறுப்புன்னா மனசார சேந்தவன். பழைய பட்டாளத்து ஆளுக்கு கறுப்புன்னா டிஸ்மிஸ், சம்பளம் போச்சு. மலாயாவுல சேந்த சிவிலியன்கள பெரும்பாலும் அங்கேயே விடுதலை பண்ணிட்டாங்க. 1945 நவம்பர்ல செங்கோட்டையில (நம்ம செங்கோட்டை இல்ல, டெல்லி) ஷா நவாஸ், சேகல், தில்லான்னு மூணு ஐ.என்.ஏ. ஆபீசருங்க மேல கேஸ் நடந்தப்ப நாடே கொந்தளிச்சு, 1946 ஜனவரியில தண்டனையை ரத்து பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் மத்தவங்களும் ஒவ்வொரு கூட்டமா ஊர் வந்துட்டாங்க. சுதந்திரம் வந்தப்புறமும் இவங்கள திரும்ப ராணுவத்துல எடுக்கல, அது பெரிய அநியாயம்னுதான் நான் சொல்லுவேன்.

அப்படின்னா பென்ஷன்?

மத்திய அரசு தியாகி பென்ஷன் 1972ல இருந்து உண்டு, ஐ.என்.ஏ.வும் அதுல அடக்கம். சிறையிலயோ கேம்ப்லயோ இருந்ததுக்கு ஆதாரம் வேணும். அவருக்கப்புறம் மனைவிக்கும் கல்யாணம் ஆகாத மகளுக்கும் வரும், பேரனுக்கு வராது. பேரன்கள் நிறைய பேரு கேக்குறீங்க, அதான் நேராவே சொல்லிட்டேன்.

எந்தக் கப்பல்ல வந்தாங்க?

பாதிப் பேரு "ரஜூலா"ன்னு சொல்லுவாங்க. யுத்தத்துல பட்டாளம் ஏத்துன கப்பல்தான், முடிஞ்சப்புறம் பழையபடி மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு ஓடுச்சு. ஆனா 1945, 46ல வந்தவங்க எல்லாரும் ரஜூலாதான்னு எடுத்துக்காதீங்க, அப்ப கிடைச்ச பட்டாளக் கப்பல்ல வந்தவங்க நிறைய. கடையநல்லூர்க்காரங்க விருதுநகர்ல வண்டி மாறி 1927ல போட்ட தென்காசி லைன்ல சொந்த ஊர் ஸ்டேஷன்லயே இறங்கியிருப்பாங்க.

பெட்டியில வாழைமரம் போட்ட நோட்டு ஒரு கட்டு இருக்கு. மாத்த முடியுமா?

முடியாது. ஜப்பான்காரன் மலாயாவுல அடிச்ச 10 டாலர் நோட்டு அது, பிரிட்டிஷ் திரும்ப வந்த அன்னைக்கே வெறும் காகிதம் ஆயிட்டு. வாசுதேவநல்லூர் பக்கம் ஒரு வீட்டுல தகரப் பெட்டி ஒண்ணு பாத்தேன், மூடியில வெள்ளை பெயிண்ட்ல பேரும் ஊரும், உள்ள வேட்டியில சுத்தி இந்த நோட்டு ஒரு கட்டு, மூணரை வருஷத்துச் சம்பாத்தியம். செல்லாதுன்னு தெரிஞ்சும் அந்த மனுசன் தூக்கிப் போடல, அவர் பொண்டாட்டியும் போடல. நீங்களும் போடாதீங்க, விக்கவும் செய்யாதீங்க, அவர் அங்க இருந்தார்ங்கிறதுக்கு சில வீட்டுல அது ஒண்ணுதான் சாட்சி.

வராதவர் செத்துட்டாரா இல்லையான்னு தெரியாம ஆச்சி கடைசி வரைக்கும் தாலியோட இருந்தாங்க. சட்டம் என்ன சொல்லுது?

7 வருஷமா தகவலே இல்லைன்னா இறந்ததா எடுத்துக்கலாம்னு சாட்சியச் சட்டத்துல இருக்கு. முஸ்லிம் பெண்களுக்கு 1939ல வந்த சட்டப்படி புருஷன் இருக்குற இடம் 4 வருஷம் தெரியலைன்னா கோர்ட்ல விடுதலை கேக்கலாம். ஆனா அந்தக் காலத்துல கோர்ட்டுக்குப் போனவங்க எத்தனை பேரு? போஸ்ட்மேன் தெருவுக்குள்ள வந்தா வாசலுக்கு வந்து நின்ன பொம்பளைங்க கதைதான் நான் அதிகம் கேட்டது. குறி கேக்கப் போவாங்க, உசுரோட இருக்கார்னு சொல்லிருவான், மறுபடியும் பத்து வருஷம் காத்திருப்பு. சில வீட்டுல அங்க இன்னொரு குடும்பம் ஆயி, வராம இருந்தவரும் உண்டு, அதையும் மறைக்காம விசாரிங்க, பினாங்குலயோ ஈப்போவுலயோ உங்களுக்கு சித்தப்பா அத்தை இருக்கலாம்.

இப்ப பட்டா இன்னும் அவர் பேர்லயே கிடக்குன்னு வர்றவங்களுக்கு: தாலுகா ஆபீஸ்ல இறப்புச் சான்று இல்லாம வாரிசுச் சான்று வாங்குறது கஷ்டம். முனிசீப் கோர்ட்ல இறந்ததா அறிவிக்கக் கேட்டு வழக்கு போட்டு, அந்தத் தீர்ப்ப வச்சுத்தான் மேல போகணும். ஒரு நல்ல வக்கீலப் பாருங்க.

திதி எந்த நாள்ல குடுக்க?

இறந்த நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைதான். நம்ம பக்கம் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் பாபநாசத்துல குடுக்குறாங்க.

1964ல வந்த பர்மாக்காரங்களும் இவங்களும் ஒண்ணா?

இல்ல. 1942ல ஓடி வந்தவங்கள்ல கொஞ்சம் பேரு யுத்தம் முடிஞ்சு திரும்பிப் போனாங்க, 1947ல பர்மா குடியேற்றச் சட்டம் போட்டு கதவ இறுக்கிட்டாங்க. 1962ல நே வின் ஆட்சியப் புடிச்சு, 64ல கடை கண்ணியெல்லாம் நாட்டுடமை ஆனப்புறம் வந்தது வேற கூட்டம். சில குடும்பம் ரெண்டு தடவையும் எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்கு.

ஜப்பான்கிட்ட நஷ்டஈடு?

தனி ஆளுக்கு ஒண்ணும் கிடையாது. இந்தியா 1952ல ஜப்பானோட ஒப்பந்தம் போட்டப்பவே கேட்க மாட்டோம்னு விட்டுட்டு. மலேசியா 1967ல இரண்டரை கோடி மலேசிய டாலர் மதிப்புக்கு ஒத்துக்கிட்டு ரெண்டு கப்பலா வாங்குச்சு, தொழிலாளிங்க கைக்கு வரல.

சரி, எங்கதான் தேடணும்?

மொதல்ல அவர் பட்டாளமா, ஐ.என்.ஏ.வா, சாதாரண ஆளான்னு பிரிச்சுக்கோங்க.

பட்டாளத்துல செத்தவர்னா காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வெப்சைட்ல இலவசமா தேடலாம். சிங்கப்பூர் கிராஞ்சி, பர்மா தாவுக்யான் ரெண்டு இடத்துலயும் கல்லறை இல்லாதவங்க பேர சுவர்ல வெட்டியிருக்காங்க. திருநெல்வேலிய வெள்ளக்காரன் எழுதுன பழைய ஸ்பெல்லிங்ல (Tinnevelly) போட்டுத் தேடுங்க, இப்ப உள்ள ஸ்பெல்லிங்ல போட்டா ஒண்ணும் வராது. இன்னார் மகன், இன்னார் கணவர், இன்ன ஊர்னு சில பேருக்கு விவரமே இருக்கும். பேர கண்டபடி எழுதியிருப்பான், நாலு விதமா போட்டுப் பாருங்க. உயிரோட திரும்பி வந்தவர்னா மெட்ராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, நம்பர் தெரிஞ்சா எழுதிக் கேக்கலாம். ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் விசாரிங்க.

ஐ.என்.ஏ., பர்மா அகதிங்க, கடல்கடந்த இந்தியர் துறை ஃபைலெல்லாம் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்துல, அபிலேக் படல்னு அவங்க வெப்சைட் இருக்கு, வீட்டுல இருந்தே தேடலாம். மெட்ராஸ் மாகாண அரசாங்க ஃபைலுக்கு எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம். சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துல ஜப்பான் காலத்தப் பத்தி தமிழங்க பேசுன பேட்டிங்க பதிவு பண்ணி வச்சிருக்காங்க, உங்க ஆள் பேரு இல்லாட்டியும் கூட வேலை பாத்தவர் குரல் இருக்கலாம்.

தோட்டத் தொழிலாளி, ஹார்பர் கூலின்னா மேல சொன்ன கல்லறை லிஸ்ட்ல தேடி நேரத்த வீணாக்காதீங்க. அவங்களுக்கு உங்க வீட்டுல இருக்குறதுதான் ஆவணம். பழைய பாஸ்போர்ட்டு, மணியார்டர் ரசீது, கடுதாசி கவர்ல உள்ள முத்திரை, போட்டோவுக்குப் பின்னால ஸ்டூடியோ பேரு, எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வையுங்க.

பெரியவங்ககிட்ட என்ன கேக்கணும்?

"என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னு மொட்டையா கேட்டா அழுதுருவாங்க, இல்லைன்னா "அதெல்லாம் எதுக்கு இப்போ"ன்னு முடிச்சுருவாங்க. சின்னச் சின்னதா கேளுங்க. கடைசி கடுதாசி எந்த மாசம் வந்துச்சு, கூட யாரு போனாங்க, அவங்க திரும்பினாங்களா, வந்து சேதி சொன்னது யாரு, அவர் எந்த ஊரு. திரும்பி வந்தவர்னா கால்ல தழும்பு இருந்துச்சா, சயாம் ரயில்ல வேலை பாத்தவங்களுக்கு முழங்காலுக்குக் கீழ புண்ணு அழுகின தழும்பு நிறைய பேருக்கு உண்டு. தோட்டத்துப் பேர அவங்க எப்படிச் சொல்லுதாங்களோ அப்படியே எழுதிக்கோங்க, திருத்தாதீங்க, நம்மாட்கள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் தாங்களா ஒரு பேரு வச்சிருந்தாங்க, ஆபீஸ் ரெக்கார்டுல உள்ள பேரு வேற. அந்தத் தமிழ்ப் பேரும் பக்கத்து டவுன் பேரும் கிடைச்சா மலேசியாவுல உள்ள பெரியவங்ககிட்ட கேட்டு எந்தத் தோட்டம்னு கண்டுபிடிச்சுரலாம்.